இடப்பக்கம்

மேனகாவுக்கு மண்ணில் படுப்பதுதான் தொழில். இருபது வருடமாக ஆற்று மணலிலும் உப்பளத்திலும் உழுத வயலிலும் வெற்றுடம்போடு படுத்து எழுந்து, மண்ணில் பதிந்த அச்சைப் படமெடுத்துக் கண்காட்சி வைப்பாள். பெண்ணுடம்பை ஆண் பார்த்தது போதும், மண் எப்படிப் பார்க்கிறதென்று பாருங்கள் என்பது அவள் கட்சி. பத்திரிகைக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள். ஈர மண்ணில் படுத்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்பதை மட்டும் ஒரு மகராசனும் எழுதவில்லை.

2003 ஐப்பசியில் சேந்தமங்கலத்தில் பஸ் ஏறிக் கொல்லிமலைக்கு வந்தபோது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. ஒன்றரை வருடத்துக்கு முன் புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்திருந்தார்கள். ரவிக்கைக்குள் பஞ்சு வைத்து நடமாடியதால் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. ஊருக்கெல்லாம் உடம்பைக் காட்டியவள், அந்தத் தழும்பைக் கூடப்பிறந்த தங்கைக்குக்கூடக் காட்டவில்லை. அதில் அவளுக்கே அவள்மேல் எரிச்சல். ஒரே ஒருமுறை ஒற்றை மார்போடு மண்ணில் பதிந்து, அந்தப் படத்தைச் சென்னையில் மாட்டிவிட்டால் இந்தப் பொய் தீரும். அதற்கப்புறம் மண்ணும் வேண்டாம், கேமராவும் வேண்டாம், தூங்கினால் போதும் என்றிருந்தது.

மலைமேல் தேவனூர் நாடு என்கிற ஊர்ப்பகுதியில், குழந்தையம்மாள் என்பவளின் மரவள்ளிக் காட்டோரம் நல்ல செம்மண் களி கிடைத்தது. குழந்தையம்மாளுக்கும் ஏறக்குறைய அதே வயது. "தனியா இருக்கணும், யாரும் வரக்கூடாது" என்று மேனகா சொன்னதும் காரணம் கேட்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

காலையில் மேனகா அரைமணி நேரம் குப்புறக் கிடந்தாள். படுத்தது பெரிதில்லை, எழுந்ததுதான் பெரும்பாடு. ஆபரேஷனுக்குப் பிறகு வீங்கிப்போன இடது கையை ஊன்ற முடியவில்லை. வலது கையை மட்டும் ஊன்றி, அச்சுக் கலையாமல் எழுந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. குனிந்து பார்த்தாள். வலப்பக்கம் குழி, இடப்பக்கம் தட்டை. சரியாக வந்திருந்தது.

உச்சி வெயிலில் பள்ளம் படத்தில் தெரியாது. வெயில் சாய்ந்து நிழல் விழ வேண்டும். "நாலு மணிக்கு எடுப்பேன். ஆடு மாடு மிதிக்காம பார்த்துக்கங்க" என்று குழந்தையம்மாளிடம் சொல்லிவிட்டு, அவள் வீட்டிலேயே குளித்துப் படுத்துவிட்டாள்.

நாலு மணிக்குப் போய்ப் பார்த்தால், அச்சில் இரண்டு பக்கமும் குழி. இடப்பக்கக் குழி, வலப்பக்கத்துக்கு அளவெடுத்தாற்போல், விளிம்பு வழித்து மொழுமொழுவென்று இருந்தது.

"ஏனுங்க அம்மிணி, அந்தப் பக்கம் சரியாவே பதியலீங்க. கோழி கீழி கெளறி மூடிருச்சோ என்னமோ. நானே நோண்டி வழிச்சு உட்டனுங்க" என்றாள் குழந்தையம்மாள், கையில் காய்ந்த மண்ணைத் தேய்த்தபடி. வாராவாரம் மண்சுவரை மெழுகி, விரிசல் விட்ட இடத்தைப் பூசிப் பழகிய கை. மண்ணில் ஒரு குறையைக் கண்டால் அதற்குச் சும்மா இருக்கத் தெரியாது.

"யாரு உங்களைத் தொடச் சொன்னது?" என்று கத்தினாள் மேனகா. "இன்னொரு தடவை படுத்து எழுந்திருக்க எனக்குத் தெம்பில்லை!" சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

குழந்தையம்மாள் பதறிப்போனாள். "அழுவாதீங்க. நல்லாத்தானுங்க பண்ணியிருக்கறேன். ரண்டும் ஒண்ணாட்டமே இருக்குது பாருங்க."

அது எரிகிற நெருப்பில் எண்ணெய் விட்டதுபோல் ஆயிற்று. விளக்கிச் சொல்லவும் மேனகாவுக்கு அலுப்பாக இருந்தது. ரவிக்கையை அவிழ்த்து, பஞ்சை எடுத்துக் கீழே எறிந்துவிட்டு அப்படியே நின்றாள்.

குழந்தையம்மாள் நன்றாகப் பார்த்தாள். பிறகு மண்டியிட்டு, தான் நோண்டிய குழியில் ஈர மண்ணை அள்ளிப் போட்டு அமுக்கினாள். நிமிர்ந்து மேனகாவின் மார்பைப் பார்ப்பாள், குனிந்து மண்ணைத் தட்டுவாள். "அக்குள்கிட்ட உள்ள போயிருக்குதுங்க. அப்ப இங்க மேடு வேணும்" என்று இன்னும் ஒரு பிடி வைத்தாள். கடைசியில் சுண்டுவிரல் நகத்தால் தழும்பை வரைந்தாள். அது வளைகிற இடத்தில் வளைத்து, நெஞ்செலும்பு வரைக்கும் இழுத்தாள். காலையில் உடம்பு பதித்த அச்சில் அந்தக் கோடு விழுந்திருக்கவில்லை. கண்ணாடி முன்னால் மேனகாவே அதை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. குழந்தையம்மாள் உள்ளங்கையை அந்தத் தட்டை மண்மேல் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னும் வலிக்குதா கண்ணு?"

டாக்டரைத் தவிர யாரும் கேட்டதில்லை. கேட்கும்படி அவளும் யாரிடமும் நடந்துகொள்ளவில்லை.

"வலிக்குதுங்க" என்றாள் மேனகா.

குழந்தையம்மாள் எழுந்திருக்கப் போனாள்.

"கையை எடுக்காதீங்க" என்று சொல்லி மேனகா கேமராவைத் திறந்தாள்.