பாதி மீசை

பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் மீசை ஒரு திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு மஞ்சளானது. மறுநாள் சிவந்தது. இந்த வயதில் சாயம் ஒரு கேடா என்று தெருவே சிரித்தது. அவர் மனைவி மூன்று வகை சோப்பு போட்டுத் தேய்த்துப் பார்த்துக் கைவிட்டாள். காற்றின் தரம் பற்றிப் பாடம் எடுக்கப் பள்ளிக்கு வந்த அதிகாரியம்மாதான் அன்றைய காற்றின் தரத்தைக் காட்டும் தன் வண்ண அட்டையை மீசையருகே பிடித்து, இரண்டும் இம்மி பிசகாமல் ஒத்துப்போவதாகக் குறித்துக்கொண்டார். பச்சை என்றால் ஓடி விளையாடலாம், மஞ்சள் என்றால் இளைப்புள்ள பிள்ளைகள் ஜாக்கிரதை, சிவப்பு என்றால் எல்லோரும் உள்ளே. அன்றிலிருந்து தாய்மார்கள் அவர் மீசையைப் பார்க்காமல் பிள்ளைகளை வெளியே விடுவதில்லை. அவருக்கோ மீசையை முறுக்கவே நேரம் போதவில்லை.

ஒன்றுதான் இடித்தது. வீட்டில் பச்சையாக இருக்கும் மீசை பள்ளி வாசலில் சிவந்துவிடும். அதனால் இளைப்புள்ள அவருடைய மகளே விளையாட்டு நேரம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஓட்டப்பந்தயத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள்: "அப்பா, நீங்க இன்ஜின ஆஃப் பண்ணாம நிக்கிறீங்கல்ல, அதான்."

அணைத்தால் வண்டி மறுபடி கிளம்ப அடம்பிடிக்கும் என்பதால் அவர் அணைப்பதே இல்லை. முகம் சுண்டிப்போக, "என் வண்டிதான் காரணம்னா பாதி மீசைய எடுத்துடறேன்" என்றார்.

அன்றும் வந்திருந்த அதிகாரியம்மா சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். மீசை ஆரஞ்சாகி, மஞ்சளாகி, கால் மணி நேரத்தில் பசும்புல் நிறத்துக்கு வந்தது. வேண்டாம்ப்பா என்று மகள் அழுதாள். சொன்ன சொல் சொன்னதுதான் என்று அவர் நேரே சலூனுக்குப் போய் வலது பாதியை எடுத்துவிட்டு வந்தார்.

பந்தயத்தில் மகள் கடைசியாகத்தான் வந்தாள். ஆனால் இளைக்காமல் வந்தாள். அவர் விசும்பி விசும்பி அழுதார். அழும்போதும் இடது மீசை பச்சையாகவே இருந்தது. அதன்பின் சாயங்காலம் மணி அடித்ததும் நான்கு ஆசிரியர்கள் வந்து வண்டியைத் தள்ளிவிடுவது வழக்கமானது. கணக்கு வாத்தியார் மட்டும் தினமும் முதுகு வலி என்பார்.

பதினோரு வருடமாகியும் வலது பக்கம் முளைக்கவில்லை. அந்தப் பாதி எங்கே என்று புதிதாக வருகிறவர்கள் கேட்டால், அவர் இருப்பதை முறுக்கிக்கொண்டே சொல்வார்:

"பக்கத்து ஸ்கூல் வாசல்ல கண்ணாடிப் பெட்டியில வேலை பாக்குது. இன்னைக்குப் பச்சையாம்."