விரத மயக்கம்

பள்ளியில் முதல் மணி அடிக்கும் முன்பே யோகராணியின் அழைப்பு வந்துவிட்டது.

"தாட்சா அக்கா, கிருஷிகாவில இண்டைக்கு ஒரு கண் வச்சிருங்கோ. கந்தசட்டி நாலாம் நாள். விடியப் பாலும் குடியாமல் வெளிக்கிட்டிட்டாள்."

"கணக்குச் சோதினை நேரத்தில பதினாறு வயசுப் பிள்ளைக்கு என்னத்துக்கு விரதம்?"

"நான் சொல்லேல்லை அக்கா. தானாத்தான் பிடிக்கிறாள்."

"ஓம், ஓம். நேர்த்தி வச்சது நீ, வயிறு காயிறது அவளுக்கு."

யோகராணி சிரித்துவிட்டு வைத்தாள். விமான நிலையப் பக்கம் டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் அவளுக்கு வேலை. தாட்சாயினிக்கு அதே நகரின் செயின்ட்-மிஷேலில், யோகராணியின் மகள் கிருஷிகா படிக்கும் உயர்நிலைப் பள்ளியில் மதிய இடைவேளையில் பிள்ளைகளைக் கண்காணிக்கும் வேலை. இரண்டு குடும்பமும் ஒரே கட்டடத்தில் மேலும் கீழுமாகக் குடியிருந்தன.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு ஒரு மாணவி ஓடி வந்து பிரெஞ்சில் கத்தினாள்.

"மதாம்! கிருஷிகா கழிப்பறையில் விழுந்து கிடக்கிறாள்!"

கை கழுவும் தொட்டிக்குக் கீழே, சுவரில் சாய்ந்து, தலை தொங்கிக் கிடந்தாள். தொண்டையிலிருந்து குறட்டை போல ஒரு சத்தம்.

"விரத மயக்கம்தான்," என்றாள் தாட்சாயினி தனக்கே. மாணவியிடம், "ஓடிப்போய்ப் பழச்சாறு வாங்கி வா," என்றாள். ஈரக் கையால் முகத்தைத் துடைத்தாள். "கிருஷி, எழும்பு பிள்ளை. அம்மாவைக் கூப்பிடட்டே?" வந்த சாற்றை உதட்டில் வைத்தாள். அது கழுத்து வழியே வழிந்தது. பிறகு அவசர இலக்கத்தை அல்ல, தாயை அழைத்தாள். கைபேசியைச் சத்தமாகப் பேச வைத்துத் தரையில் வைத்தாள்.

"யோகு, பிள்ளை மயங்கிட்டாள். பயப்பிடாதை."

"அப்பவே சொன்னனான் அக்கா! சீனி கரைச்சுக் குடுங்கோ."

கதவைத் தள்ளிக்கொண்டு பள்ளிச் செயலாளர் செலீன் வந்தாள். கையில் அலுவலகச் சுவரில் தொங்கும் சிவப்புப் பெட்டி.

"அவசர உதவியை அழைத்தாயா?"

"இவள் சாப்பிடவில்லை. எங்கள் விரத நாள். அதுதான்..."

"தாட்சா, அவள் உதட்டைப் பார்."

உதடு நீலம். குறட்டையும் நின்றிருந்தது. அதற்குள் செலீன் அவசர உதவியை அழைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். பெட்டியைத் தாட்சாயினியிடம் நீட்டினாள். "மல்லாத்திப் படுக்க வை. மூக்குக்குள் நீ அடி."

"என்ன பெட்டி அக்கா?" கைபேசி கேட்டது.

"மூக்குக்குள்ள அடிக்கிற மருந்து."

"போதை ஏறினவைக்கு அடிக்கிறதெல்லோ அது? பள்ளிக்கூடத்தால கடிதம் வந்தது. ஐயோ, வேண்டாம்! எழுதிப் போடுவினம். கோயில் சனம் என்ன கதைக்கும்? அவள் விரதம் அக்கா, விரதம்!"

வசந்த காலத்தில் பள்ளித் தாதி கிறேஸ் எல்லாப் பணியாளர்களையும் உட்காரவைத்துச் சொன்னது இதுதான்: தேவையில்லாதவருக்கு அடித்தால் கெடுதல் இல்லை, தேவையானவருக்கு அடிக்காவிட்டால் இன்னொரு வாய்ப்புக் கிடையாது. தாட்சாயினி அன்று தலையாட்டியிருந்தாள்.

"யோகு, மூச்சில்லையடி."

அடித்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. செலீன் தொலைபேசியில் கேட்டுக் கேட்டுச் சொன்னாள்: தலையைப் பின்னால் சாய், மூக்கைப் பொத்து, வாய்க்குள் ஊது. தாட்சாயினி ஊதினாள். ஐந்து எண்ணினாள். ஊதினாள். நெஞ்சு இவள் மூச்சுக்குத்தான் எழுந்தது.

"அக்கா? ஏன் கதைக்கிறியள் இல்லை? அக்கா!"

"இரண்டாவதையும் அடி," என்றாள் செலீன்.

அடித்தாள். ஊதினாள். எண்ணினாள். திடீரென்று கிருஷிகா உடம்பை முறுக்கி ஓங்காளித்தாள். இருவரும் அவளை ஒரு பக்கமாகப் புரட்டினார்கள்.

"மூச்சு வந்திட்டுது யோகு."

"முருகா! பாத்தியளே, விரத மயக்கம்தானே?"

தாட்சாயினி கிருஷிகாவின் வாயைத் துடைத்தாள். "இல்லையடி. விரத மயக்கமெண்டால் இந்த மருந்துக்கு எழும்பியிருக்கமாட்டாள்."



அம்புலன்ஸ்காரர் இருவர் வந்தார்கள்; ஒருவர் கிருஷிகாவின் அருகே முழங்காலிட்டார். "என்ன எடுத்தாய்?"

கிருஷிகா கைபேசியைப் பார்த்தாள். "ஒன்றுமில்லை. சாப்பிடவில்லை."

"மூக்கில் அடித்த மருந்தின் வேகம் சீக்கிரம் இறங்கிவிடும். மூச்சு மறுபடி நிற்கலாம். உண்மை தெரிய வேண்டும்."

தாட்சாயினி அதை அப்படியே தமிழில் தாய்க்குச் சொன்னாள்.

"கிருஷி," என்றது கைபேசி. குரல் உடைந்திருந்தது. "அம்மா ஏசமாட்டன். அடிக்கமாட்டன். ஆரும் என்னவும் கதைக்கட்டும். என்ன குடிச்சனி? சொல்லம்மா."

"குளிசை... சோதினைக்குப் பயமில்லாமல் இருக்கும் எண்டு கூடப் படிக்கிற பிள்ளையள் தந்தவை. பாதிதான் அம்மா."

"மிச்சப் பாதி?"

"பென்சில் பைக்குள்ள."

செலீன் கையுறை மாட்டிப் பையை அம்புலன்ஸ்காரரிடம் கொடுத்தாள். அவர் குறிப்பேட்டை எடுத்தார். "எத்தனை மணிக்கு விழுந்தாள்?"

"கண்டது பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு," என்றாள் தாட்சாயினி.

"முதல் மருந்து?"

"ஐம்பத்தேழுக்கு," என்றாள் செலீன்.

"நடுவில் ஐந்து நிமிடம்?"

செலீன் வாயைத் திறந்தாள். தாட்சாயினி முந்திக்கொண்டாள்.

"நான் பழச்சாறு பருக்கிக்கொண்டிருந்தேன். குறட்டை விட்டாள். பட்டினி என்று நினைத்தேன். எழுதுங்கள்."

அவர் எழுதினார். கிருஷிகாவைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

"அக்கா," என்றாள் யோகராணி, "எந்த ஆஸ்பத்திரி எண்டு கேட்டுச் சொல்லுங்கோ. நான் டாக்சி பிடிக்கிறன். அந்தக் குளிசை வேற பிள்ளையளிட்டயும் இருக்கும். தாய்மாருக்கெல்லாம் இப்பவே போன் அடிச்சுச் சொல்லுங்கோ. கிருஷிகாவின்ர பேரைச் சொல்லியே சொல்லுங்கோ."