மூன்றாவது கம்பியைக் கழற்று

முதல் அடியிலேயே ஜூஸ்தினுக்குத் தெரிந்துவிட்டது, தன் கிட்டாரில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று. அவள் கேட்டுப் பழகிய சத்தமே வரவில்லை. என்ன ஏதென்று யோசிப்பதற்குள் இரண்டாவது கம்பி படீரென்று அறுந்து மணிக்கட்டில் சுளீரென்று அடித்தது.

உப்பளம் பகுதித் தெருவில் ஜூன் மாத இசை விழாவுக்குப் போட்ட சின்ன மேடை. எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் கூட்டம், பின்னால் பஜ்ஜி தின்றபடி நிற்கிற கூட்டம். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கை அடிபட்ட பிறகு அவள் ஏறுகிற முதல் மேடை அது. பாட்டும் அவளே கட்டியது.

"யாரு தொட்டது?" என்றாள். மைக் எதிரில் இருப்பது அவள் நினைவிலேயே இல்லை. கேள்வி தெருமுனைவரை கேட்டது.

பக்கத்தில் தன் கிட்டாரோடு நின்ற கிறிஸ்தோஃப் சிரித்தான். இந்தக் குழுவுக்கு அவன்தான் தலைவன். மாதா கோயில் பாட்டுக்குழுவில் இருவரும் சின்ன வயதிலிருந்தே ஒன்றாக வாசித்தவர்கள்.

"நான்தான். நீ தண்ணி குடிக்கப் போனியா, சும்மா தட்டிப் பாத்தேன். ஒரு கம்பிகூட சரியில்ல. போன்ல ஸ்ருதி பாக்குற ஆப்ப வச்சி ஆறு கம்பியையும் பச்சைக்குக் கொண்டாந்துட்டேன். வுவாலா!"

வுவாலாவாம்! 'இதோ பார், முடிந்தது' என்று பிரெஞ்சில் பெருமை! செய்ததையும் செய்துவிட்டு நன்றி வேறு எதிர்பார்த்து நின்றான், படுபாவி.

கம்பிகள் அப்படி இருந்ததற்குக் காரணம் இருந்தது. விபத்துக்குப் பிறகு அவளுடைய இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கவில்லை. ஊரெல்லாம் வாசிக்கிற ஸ்ருதியில் கிட்டார் இருந்தால் அவளால் உருப்படியாக ஒரு பாட்டு வாசிக்க முடியாது. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் விரல்களுக்குப் பயிற்சி கொடுத்த அம்மாள், இனி இவ்வளவுதான் மடங்கும் என்று சொன்ன அன்று கிறிஸ்தோஃப் வீட்டுக்கு வந்தான். ஆறுதல் சொன்னான். "கவலப்படாத ஜூஸ்தின். ஒரு கிலுகிலுப்பைய ஆட்டிக்கிட்டு எங்ககூட நில்லு." சின்ன வயதிலிருந்து கிட்டாரைக் கீழே வைக்காதவளுக்குக் கிலுகிலுப்பை!

அந்த ஆத்திரத்தில்தான் அவள் திருகுகளைத் திருப்ப ஆரம்பித்தாள். மிச்சமிருந்த இரண்டு விரல்களுக்கு எது எட்டுகிறதோ அதற்குத் தோதாக ஒவ்வொரு கம்பியாக இறக்கினாள். நாராசமாகத்தான் இருந்தது, பக்கத்து வீட்டு அமுதவல்லி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். சாத்தினால் சாத்திக்கொள்ளட்டும். கடைசியில் ஒரு நாள் இரண்டாவது கம்பியைக் கழற்றி வீசிவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு மூன்றாவது கம்பியைப் போட்டாள். ஒரே தடிமனில் இரண்டு கம்பிகள், பக்கத்தில் பக்கத்தில், ஒரே ஸ்வரத்தில். ஒன்றை மட்டும் மயிரிழை இறக்கினாள். இரண்டையும் சேர்த்துத் தட்டினால் சத்தம் நடுங்கிக்கொண்டே நிற்கும், வெயிலில் தார் ரோட்டுக்கு மேலே காற்று நடுங்குகிற மாதிரி. பாட்டு முழுக்க அந்த நடுக்கத்தை நம்பித்தான் இருந்தது. தடித்த கம்பியை மெல்லிய கம்பியின் ஸ்ருதிக்கு இழுத்தால் அறாமல் என்ன செய்யும்?

"நான் வேற மாதிரி டியூன் பண்ணியிருக்கேன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்ன. அதுக்குன்னு அவ்ளோ தப்பாவா? எல்லாம் செவப்பா காட்டுச்சு."

"உன் ஆப்புக்கு எத்தன வெரலு மடங்கும்?"

முன்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டுச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். கிறிஸ்தோஃப் அவள் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினான்.

"சனங்க பாக்குறாங்க, வுடு. நான் வாசிக்கிறேன், நீ பாடு. உனக்கும் அதான் சுலபம்."

சுலபம்! அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. கை போனதற்கு அவள் யார்மேலும் கோபப்பட்டதில்லை. மழை ரோடு வழுக்கியது, அதை யார் என்ன செய்ய முடியும்? ஆனால் இது மழை இல்லை. நன்றாகக் காது கேட்கிற ஒரு மனுஷன், அவள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், அவள் பாடுபட்டுக் கண்டுபிடித்ததைத் தப்பு என்று தீர்மானித்துத் துடைத்துப் போட்டிருக்கிறான். இப்போது பாட்டையும் வாங்கிக்கொள்ளப் பார்க்கிறான்.

"உன் மூணாவது கம்பியக் கழட்டு," என்றாள்.

"என்னாது?"

"காதுல வுழல? கழட்டுடா!"

இத்தனை வருஷத்தில் அவள் அவனை 'டா' போட்டதில்லை. அவன் திரும்பிப் பின்னால் பார்த்தான். தாளம் வாசிக்கிற சுடர்விழி தன் தாளப் பெட்டிமேல் உட்கார்ந்தபடி, "குடுத்துடுண்ணே, நேரமாவுது," என்றாள். பஜ்ஜிக் கூட்டத்திலிருந்து ஒரு குரல், "கழட்டுப்பா!" என்றது. பிறகு இன்னும் நாலைந்து குரல்கள்.

கழற்றினான். காதெல்லாம் சிவந்துவிட்டது.

ஜூஸ்தின் நாற்காலியில் உட்கார்ந்து அறுந்த கம்பியை உருவிப் போட்டாள். அவனுடைய கம்பியை மாட்டி, இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, வலது கையால் சுற்றினாள். மெதுவாகத்தான் முடிந்தது. "நான் சுத்தித் தரட்டுமா?" என்று அவன் ஓரடி வைத்தான்.

"கிட்ட வராத."

மற்ற கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, பழையபடி இறக்கினாள். கூட்டம் காத்திருந்தது. எழுந்து போவார்கள் என்று பயந்தாள், யாரும் போகவில்லை. கிறிஸ்தோஃப் பழக்கதோஷத்தில் போனை எடுத்து நீட்டினான். திரை சிவப்பாக இருந்தது.

"அத உள்ள வை."

பிறகு இரண்டு கம்பிகளையும் சேர்த்துத் தட்டினாள். சத்தம் நடுங்கிக்கொண்டு நின்றது. அவள் பாட ஆரம்பித்தாள். இரண்டே விரல்கள் கம்பிகள்மேல் ஏறி இறங்கின, அதுவே போதுமாக இருந்தது. பாடும்போதும் கோபம் தணியவில்லை; பாட்டுக்கு அது நல்லதாகத்தான் போயிற்று. முடிந்ததும் நாற்காலிகள் சரசரவென்று நகர, முன்வரிசை எழுந்து நின்று கைதட்டியது.

அடுத்தது கிறிஸ்தோஃப் வாசிக்க வேண்டிய பாட்டு. ஐந்து கம்பிக் கிட்டாரைப் பிடித்தபடி அவன் அவளிடம் வந்தான்.

"ஜூஸ்தின்... அந்தக் கம்பி... இப்ப நான் எத வச்சி வாசிக்கிறது?"

அவள் சுடர்விழியின் பையைத் துழாவினாள். கைக்குக் கிடைத்த கிலுகிலுப்பையை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். மைக் இன்னும் எதிரில்தான் இருந்தது. இந்த முறை அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"கவலப்படாத கிறிஸ்தோஃப். இத ஆட்டிக்கிட்டு எங்ககூட நில்லு."