இரண்டாவது பிரேக்

குளிர்பெட்டியின் ஒயரில் கால் மாட்டி, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டார் பிரேக் சார். பெட்டியின் உறுமல் நின்றது. கூடத்தில் அழுதுகொண்டிருந்தவர்களும் ஒரு நொடி நிறுத்தினார்கள். பெட்டிக்குள் அவருடைய மனைவி மட்டும், இந்த மனுஷனிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும் என்பதுபோல் கண்மூடிப் படுத்திருந்தாள்.

"அத்தான், நீங்க ஒரு இடத்துல உக்காருங்களேன்" என்றான் மச்சினன்.

"உக்காரத்தான்பா வந்தேன். வழியில இது படுத்திருந்துச்சு."

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் அவர். பழகுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்தே பிழைப்பை ஓட்டுபவர். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. மனைவி ஸ்கேன் டாக்டர். வீட்டில் மிக்ஸி முதல் வாஷிங்மெஷின் வரை பிளக் வைத்த எதையும் அவர் தொடக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். அவள் அந்தப் பக்கம் போனதும் முதல் வேலையாகச் சட்டத்தை மீறியாகிவிட்டது.

குனிந்து பிளக்கை எடுத்தார். ஓட்டை அகப்படவில்லை. மச்சினன் வாங்க வந்தான்.

"விடுங்க. அவரே போடட்டும்."

சொன்னவர் நரைமீசை டாக்டர். மனைவி கடைசியாகச் சொல்லிக்கொடுக்கப் போயிருந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்காரர். உடலோடு விமானத்தில் கூடவே வந்தவர். வாலிபத்தில் இங்கே படித்ததால் தமிழ் பேசுவார், நிதானமாக. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "கொஞ்சம் இடது பக்கம். ம்ம். இப்ப தள்ளுங்க."

பெட்டி மறுபடி உறுமியது.

பிரேக் சார் நிமிர்ந்து, கட்டியிருந்த அந்தக் கைகளைப் பார்த்தார். "இது அவ நிக்கிற மாதிரில்ல இருக்கு!"

"அவங்ககிட்ட வந்த பழக்கம்தான். எங்களுக்கு யாரோ தானமாக் குடுத்த ஸ்கேன் மெஷினுங்க வந்து கெடந்துச்சு. ஒருத்தருக்கும் ஓட்டத் தெரியாது. துணி போர்த்தி வச்சிருந்தோம். ஒண்ணு மேல நான் டீ கப்பு வைப்பேன். அவங்க வந்த அன்னிக்கே துணியை உருவிட்டு, கப்பை என் கையில குடுத்தாங்க. அப்புறம் மெஷினைத் தொடவே இல்ல. கையைப் பின்னால கட்டிக்கிட்டாங்க. எனக்கு அவங்களைவிட வயசு ஜாஸ்தி. அதெல்லாம் பாக்க மாட்டாங்க. தப்பாச் சொன்னா, 'அது கல்லீரல் இல்ல சார், உங்க ஆசை'ம்பாங்க."

பிரேக் சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கே நிற்கிறோம் என்று ஞாபகம் வந்து அதை இருமலாக மாற்றினார்.

"நான்கூடக் கேட்டேன் சார். பிரேக் இல்லாம எப்படிடீ சொல்லிக்குடுக்கறேன்னு. 'நான் கிளம்பி வந்தப்புறம் அவங்கதானே ஓட்டணும்'னா." துக்கம் கேட்க வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் திரும்பினார். "சொந்த லீவுல போவா. சம்பளம் கிடையாது. சொல்லிக்குடுக்கறது யாருக்கு? டாக்டருங்களுக்கு. டாக்டருக்கே டாக்டர்!"

பக்கத்து வீட்டுக்காரர் தலையாட்டினார். காலையிலிருந்து அவருக்கு இது இரண்டாம் தடவை. நாற்காலி இறக்க வந்தவரிடம்கூட பிரேக் சார் இதைச் சொல்லியிருந்தார்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த மகள் மட்டும் காது கொடுக்கவில்லை. அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "அங்க போகாம இருந்திருந்தா அம்மா பொழச்சிருப்பாங்களா?"

சித்தி, "நம்ம கையில என்னம்மா இருக்கு" என்றாள். மாமா, "அதெல்லாம் இப்ப எதுக்கு, தண்ணி குடி" என்றான். குடும்ப டாக்டர், "வலி தெரியாமத்தான் போயிருப்பாங்கன்னு தோணுது" என்று, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார். அப்பாவிடமும் கேட்டாள். "எமனுக்கு அந்த ஊர் விசா கிடைக்காதுன்னு நெனச்சேன்மா" என்று அவர் வாய் தானாகச் சொன்னது. அதற்குப் பிறகு மகள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இந்தத் தடவை வேண்டாம் என்று அம்மாவைத் தடுத்தவள் அவள். "போகட்டும் விடு" என்று பயணப் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தவர் அவர்.

பிரேக் சார் தொண்டையைக் கனைத்தார். ஒரு ஜோக் வந்தது. விழுங்கினார்.

"சார், என் பொண்ணு கேக்கறதையே நானும் கேக்கறேன். அவ இங்கயே இருந்திருந்தா?"

"அத்தான், இந்த நேரத்துல போயி..." என்றான் மச்சினன்.

நரைமீசை டாக்டர் பெட்டியைப் பார்த்தார். "அவங்க எங்களுக்கு ஒண்ணு சொல்வாங்க. தெரியறதைச் சொல்லுங்க, தோணுறதைச் சொல்லாதீங்கன்னு."

"தெரியறதைச் சொல்லுங்க." மகள் எழுந்து நின்றிருந்தாள்.

"வகுப்பு நடுவுல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாங்க. படுக்க வச்சு, அதே மெஷினை வச்சு நான்தான் பாத்தேன். 'என்ன சார் தெரியுது'ன்னு கேட்டாங்க. இதயத்துலேருந்து கிளம்பற பெரிய ரத்தக்குழாய் உள்பக்கம் கிழிஞ்சிருக்குன்னேன்." ஒரு மூச்சு விட்டார். "இங்க இருந்திருந்தா உடனே ஆபரேஷன் பண்ணியிருப்பாங்க. பிழைச்சிருக்கலாம். எங்ககிட்ட அதுக்கு ஆள் இல்ல. கண்டுபிடிக்கத்தான் ஆள் இருந்துச்சு."

தன் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருப்பதை பிரேக் சார் அப்போதுதான் கவனித்தார். காலுக்குக் கீழே ஒயர் இருந்தது.

மகள் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "அப்புறம் அம்மா என்ன சொன்னாங்க?"

"எப்பவும் திருத்துவாங்க. இன்னும் மேல, இன்னும் சாய்ச்சு, அப்படின்னு. திருத்தாம விட்டதே இல்ல." டாக்டர் பின்னால் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார். "அன்னிக்குத் திரையையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. 'சரியாப் பாத்திருக்கீங்க சார்'னாங்க."

மகள் குனிந்து, அப்பாவின் காலடியில் கிடந்த ஒயரைப் பிடித்துச் சுவரோரமாக இழுத்தாள். பிரேக் சார் காலை எடுத்தார்.