தறிக்குப் பதின்மூன்று வார்த்தை

1973-ஆம் வருஷம் ஆடி மாதம் முள்ளிப்பட்டில் சம்பந்தத்தின் தறி, காதில் விழுந்ததையெல்லாம் நெய்ய ஆரம்பித்தது. முதல் புடவையின் கரையில் முருங்கைக்காய் வந்தது, ஏனென்றால் அன்றைக்குப் பக்கத்து வீட்டுப் பொன்னம்மாள் வாசலில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டாவது புடவையில் மண்ணெண்ணெய் க்யூ முழுசாக இருந்தது, டின்னோடு. ஆரணியிலிருந்து பாவும் ஜரிகையும் கொடுத்து நெய்து வாங்கும் முதலாளி இராஜமாணிக்கம் அதை விரித்துப் பார்த்துவிட்டு, முகூர்த்தத்துக்கு க்யூவை யாரய்யா கட்டிக்கொள்வார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மறுவாரம் சம்பந்தம் வாயை இறுக மூடிக்கொண்டு நெய்துபார்த்தான். தறி வெறும் துணியாக நெய்து கொடுத்தது.

சம்பந்தத்தின் பெண்சாதி உண்ணாமலை டிசைனுக்கு அட்டை குத்துகிறவள். கட்டம்போட்ட தாளில் பூவை வரைந்து, கட்டத்துக்குக் கட்டம் அட்டையில் ஓட்டை போட்டுத் தறிக்கு மேலே கோத்துவிட்டால், எந்த இழை ஏறவேண்டும், எது இறங்கவேண்டும் என்று அட்டை சொல்லிவிடும். பதினெட்டு வருஷம் ஓட்டை போட்ட கை என்பதால், கோளாறு தறியில் இல்லை, அதோடு பேச ஒரு பாஷை இல்லாததுதான் கோளாறு என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. இரண்டு வருஷம் உட்கார்ந்து அந்தப் பாஷையைச் செய்தாள். வார்த்தை எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று நாமெல்லாம் நினைப்போம். அவள் நாற்பதில் தொடங்கி, அடித்து அடித்துப் பதினொன்றுக்குக் கொண்டுவந்தாள். ஒரு வார்த்தைக்கு ஒரு வேலை, ஒரு வேலைக்கு ஒரே வார்த்தை. எத்தனை தடவை என்று எண்ணிச் சொல்லவேண்டும். பதினொன்றில் இல்லாத எது காதில் விழுந்தாலும் தறி அதை விட்டுவிடவேண்டும். இவ்வளவையும் அட்டையில் குத்திக் கோத்தாள். அன்றிலிருந்து பொன்னம்மாள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேரம் பேசலாம் என்றாயிற்று.

இராஜமாணிக்கத்துக்குப் பதினொன்று போதவில்லை. மயிலுக்குத் தனியாக ஒரு வார்த்தை போட்டுக் கொடு என்று மூன்று முறை ஆள் அனுப்பினார், நாலாம் முறை தானே வந்தார்.

“மயிலுக்குப் போட்டா நாளிக்கு கிளிக்குக் கேப்பீங்க, அன்னத்துக்குக் கேப்பீங்க முதலாளி. இருக்கற வார்த்தையிலயே மயில கட்டி, அதுக்கு மயிலுன்னு பேரு வச்சிக்கோங்க, பேரு வைக்கவும் அதுலயே ஒரு வார்த்த கீது. அப்பறம் பேரச் சொன்னா போதும்” என்றாள் உண்ணாமலை.

அப்படியே ஆயிற்று. ஆரணியில் அந்த வருஷம் விற்ற மயிலெல்லாம் பதினொரு வார்த்தையில் கட்டியதுதான்.

மயிலுக்கு இணங்காதவள் சொந்த விரலுக்கு இணங்கிவிட்டாள். நீளவாக்கில் ஓடுகிற ஒரு பாவு தீரும்போது அடுத்த பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதோடு முறுக்கிச் சேர்க்கவேண்டும், ஆயிரக்கணக்கில். வீட்டுப் பெண்கள் வேலை அது, விரல் நுனி தோல் உரிந்துபோகும். 1979-இல் உண்ணாமலை ‘பிணை’ என்று பன்னிரண்டாவதாக ஒரு வார்த்தை சேர்த்தாள். அதற்கப்புறம் பாவு தீர்ந்தால் தறியே அடுத்ததை இழுத்துப் பிணைத்துக்கொண்டது. தெருவே அவளைப் புகழ்ந்தது. நிறுத்து என்பதற்கு மட்டும் அந்தப் பாஷையில் வார்த்தை கிடையாது. தறிக்கு முன்னால் உட்கார்ந்து போதும் என்றோ முடிந்தது என்றோ எங்கள் பக்கத்தில் யாரும் வாயால் சொல்லமாட்டார்கள், குடும்பத்துக்கு ஆகாது. எண்ணிக்கை தீர்ந்தால் தறி தானாக நிற்கும், அப்புறம் அந்த வார்த்தை எதற்கு?

1981 ஆவணியில் அவர்கள் மகள் அபரஞ்சிக்குத் தேவிகாபுரத்துத் தருமனோடு கல்யாணம் என்று நிச்சயமாயிற்று. பெற்ற பெண்ணின் புடவைக்குப் பூவை எண்ணினால் கண் படும் என்று, ஒரு புடவைக்கு அளந்த தனிப் பாவு ஏற்றி, பாவு தீரப்போகிறவரை பூ, அப்புறம் தோளில் விழுகிற முந்தி என்று உண்ணாமலை தறியிடம் சொல்லிவிட்டாள். தான் சேர்த்த பன்னிரண்டாவது வார்த்தையை மறந்துபோனாள். பாவு தீரப்போன சமயத்தில் தறி வீட்டிலிருந்த அடுத்த பாவைப் பிணைத்தது. பிறகு சுவரில் ஓட்டை போட்டுப் பொன்னம்மாள் வீட்டுப் பாவை இழுத்தது. சம்பந்தம் மிதியிலிருந்து காலை எடுத்தான், அட்டைகளைக் கழற்றினான், ஒன்றும் பிரயோஜனமில்லை. அறுபது முழம் பூ வந்துவிட்டது, முந்தி வரவில்லை. முந்தியில்லாமல் எந்தப் பெண் மணையில் உட்காருவாள்?

“எம் பாவு எங்கடி? இன்னும் நாலு வூட்டுப் பாவு போச்சுன்னா தெருவே பேஜாராயிடும். நிறுத்தச் சொல்லுடி!” என்றாள் பொன்னம்மாள்.

“கல்யாணப் பொடவ மேல அந்த வார்த்தயச் சொல்லச் சொல்றியாக்கா?” என்று உண்ணாமலை அழுதாள்.

இரண்டு நாள் சோறு இறங்காமல் யோசித்தாள். கல்யாணத்துக்குத் தேவிகாபுரம் புறப்படுகிற அன்று காலை, பஸ் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது, பதின்மூன்றாவது வார்த்தையை அட்டையில் குத்தித் தறியில் கோத்தாள். கையில் இருப்பதை நிறைவாக இறக்கிவிட்டுக் காத்திரு, சொன்ன ஆள் திரும்பி வரும்போது விட்ட இடத்தில் தொடங்கு என்பது அதன் வேலை. அதற்கு வார்த்தை தேடி அலையவில்லை, வீட்டைவிட்டுக் கிளம்புகிற எல்லோரும் சொல்கிறதையே வைத்தாள். அபரஞ்சி தறிக்கு முன்னால் நின்று “வரேன்” என்றாள். இரண்டு நாள் பிடிக்கிற முந்தியைத் தறி ஒரு மணி நேரத்தில் நெய்து முடித்து நின்றது.

அந்த ஒரு மணி நேரம் பஸ் காத்திருந்ததில், தேவிகாபுரத்தில் மாப்பிள்ளை வீட்டார் தெருவில் நின்றிருக்க, பெண் அழைப்புக்குக் குறித்த நல்ல நேரம் போய்விட்டது. கல்யாணம் நடந்தது. ஆனால் மாமியார் செல்லம்மாள், தறிக்காக எங்களைத் தெருவில் நிற்கவைத்த வீட்டு வாசற்படியை என் மருமகள் மிதிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாள். உண்ணாமலை இரண்டு தடவை தேவிகாபுரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பெண் வரவில்லை. தறியும் அசையவில்லை, யார் பேச்சுக்கும்.

பதினான்கு மாதம் சம்பந்தம் பொன்னம்மாள் வீட்டுத் தறியில் நெய்து, இழுத்த பாவுகளுக்கு ஈடுகட்டினான். உண்ணாமலை ஊருக்கெல்லாம் அட்டை குத்தினாள். இடையில் மெட்ராஸிலிருந்து ராமதாஸ் என்கிற கம்ப்யூட்டர் என்ஜினீயர் வந்து, பதின்மூன்று வார்த்தையையும் நோட்டில் எழுதிக்கொண்டார். எங்கள் கம்ப்யூட்டர் பாஷையில் முந்நூறு இருக்கிறது, ஆனாலும் தினமும் சண்டைதான் என்று வருத்தப்பட்டார். ‘வரேன்’ என்று சொன்னதை ரத்து செய்ய ஒரு வார்த்தை சேர்த்துவிட்டால் தறி நாளைக்கே ஓடுமே என்றார். இராஜமாணிக்கமும் அதைத்தான் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“அதச் சொன்னது எம் பொண்ணு சார். ஒருத்தர் சொன்ன சொல்ல இன்னொருத்தர் அழிக்கறதுக்கு வார்த்த போட்டா, அப்பறம் பாஷைன்னு இன்னா இருக்குது? அவ வராமயே இது ஓடிச்சின்னா அவ வரவே மாட்டாளோன்னு எனக்கு பயமா கீது” என்றாள் உண்ணாமலை. என்ஜினீயர் மோரைக் குடித்துவிட்டு நோட்டை மூடினார்.

1982 ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தறி தானாக ஓட ஆரம்பித்தது. பூ விட்ட இடத்திலிருந்து, இழை பிசகாமல். செல்லம்மாளின் மனசு எப்படி மாறியது என்று இன்றுவரைக்கும் யாருக்கும் தெரியாது. பொன்னம்மாள் ஓடிவந்து தன் பாவு பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்தாள். சம்பந்தம் தெருமுனைக்கு ஓடினான். உண்ணாமலை வாசலைக்கூட எட்டிப்பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, உலையில் இன்னும் ஒரு ஆழாக்கு அரிசியைக் களைந்து போட்டாள். தேவிகாபுரத்தில் அபரஞ்சி அப்போதுதான் பஸ்ஸில் கால் வைத்திருந்தாள்.