உள்ளே ஒன்று அதிகம்

என் மகன் பவித்ரன் எதையோ மறைக்கிறான் என்ற சந்தேகம் எனக்கு வந்தது, அவன் திடீரென்று நல்ல பிள்ளையாக மாறியபோதுதான்.

எட்டு மாதமாக எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி உறுமிக்கொண்டு வந்த அவனுடைய கப்சாய் மோட்டார் சைக்கிள், போன மாதத்திலிருந்து பூனை மாதிரி வந்து வாசலில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டிலேயே இருந்தான். சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். இருபத்திரண்டு வயதுப் பையன் சொல்லாமல் தட்டு கழுவினால் எந்தத் தாய் நம்புவாள்?

எனக்கு இருந்தது ஒரே பயம். அவன் கூட்டாளி யுகேந்திரன் தைப்பூசம் கழிந்த வாரம் ஈப்போ சாலையில் ரேஸ் ஓட்டி லோரிக்கு அடியில் போய்விட்டான். சவப்பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். அவன் அம்மா அந்தப் பெட்டியைத் தட்டித் தட்டி, “எந்திரிச்சு வாடா, மணியாச்சு” என்று கூப்பிட்டாள். வீட்டுக்கு வந்ததும் நான் இவன் சட்டையைப் பிடித்து, நீயும் ஓட்டினாயா என்று கேட்டேன். “நான் ஓட்டுனதே இல்லம்மா, சும்மா பாக்கப் போவோம்லா” என்றான். நான் நம்பவில்லை. சோற்றை உருண்டை பிடிக்கிற மாதிரி வார்த்தையை நிதானமாக உருட்டி உருட்டிச் சொன்னான். உண்மை சொல்கிறவன் அப்படியா சொல்வான்?

அதற்கப்புறம்தான் ஒருநாள் மோட்டார் கைப்பிடிக்குக் கீழே சிவப்புக் கயிற்றில் எலுமிச்சம்பழம் தொங்கியதைப் பார்த்தேன். கேட்டால், “சும்மா, சாமிக்கு” என்றான். பக்கத்து வீட்டுக் காளியம்மா அக்கா அன்றே வேலியோரம் வந்து நின்றார்.

“கலா, ஒம் மவன பழைய தோட்டத்து முனியாண்டி கோயில்ல பாத்தேன். சூடம் கொளுத்தி வச்சுக்கிட்டு ஒத்தையா நின்னுச்சு. மோட்டாருக்கும் பூச போட்டுச்சு போல.”

அக்கா நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் எங்கள் ஊர் சுங்கை சிப்புட் பக்கம் ரேஸ் ஓட்டுகிற பயல்கள் ஓடுவதற்கு முன்னால் எங்கே போவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, தோட்டத் தொழிலாளிகள் இருந்த லயத்து வீடுகளை இடித்துவிட்டார்கள், முனியாண்டி மட்டும் அங்கேயேதான் இருக்கிறார். அவருக்குச் சுருட்டு வைத்து, பழம் வாங்கி மோட்டாரில் கட்டிக்கொண்டுதான் இவர்கள் புறப்படுவார்கள். யுகேந்திரன் மோட்டாரிலும் பழம் இருந்தது.

அப்படியென்றால் இந்த அமைதியான சத்தம்? அதற்கும் எனக்குக் காரணம் கிடைத்தது. சத்தம் வராத புகைக்குழாயை மாட்டி என் காதை ஏமாற்றுகிறான். இஞ்சினுக்குள்ளே பெரிய பிளாக் இருக்கிறது. பிளாக் என்றால் பிஸ்டன் ஓடுகிற உருளை. கம்பெனி போட்டது ஐம்பது மில்லிமீட்டர் அகலம். ரேஸ் ஓட்டுகிறவர்கள் ஐம்பத்தேழு போடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். போலீஸ்காரனே பக்கத்தில் குந்திப் பார்த்தாலும் தெரியாது. பிளாக்குக்கு மேலே மூடியிருக்கிற தலையைக் கழற்றினால்தான் தெரியும்.

எனக்குக் கழற்றத் தெரியும். என் வீட்டுக்காரர் பத்துமலை இப்போது சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருக்கிறார். அதற்கு முன்னால் பதினோரு வருடம் இதே வீட்டு முன்கொட்டகையில் மோட்டார் ரிப்பேர் செய்தார். அவர் கை உலக்கை மாதிரி. மோட்டாரின் இரும்புச் சட்டத்துக்கும் இஞ்சினுக்கும் நடுவில் இருக்கிற போல்டு எதுவும் அவருக்கு எட்டாது. “கலா, கைய குடு” என்பார். என் கைதான் உள்ளே போகும். கண்ணால் பார்க்காமல் விரலாலேயே தேடிப் பிடித்து முடுக்குவேன்.

செவ்வாய்க்கிழமை அன்று, பவித்ரன் ராத்திரி வேலை முடிந்து காலை எட்டு மணிக்கு வந்து படுத்தான். மூன்று மணி வரைக்கும் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான். நான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன். தலைக்கு அடியில் வைக்கிற புது கேஸ்கெட்டை முந்தின வாரமே வாங்கி அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். பெற்ற பிள்ளையை வேவு பார்க்க இவ்வளவு ஏற்பாடு! வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பெட்டியைத் தட்டுவதைவிட இது மேல் என்று நினைத்துக்கொண்டேன்.

முன்சக்கரத்தைப் பலகை மேல் ஏற்றினேன், எண்ணெய் பின்பக்கம் ஒதுங்கட்டும் என்று. முன்மூடியைக் கழற்றினேன். கார்புரேட்டரைப் பிடித்திருக்கிற இரண்டு போல்டில் ஒன்று சுலபம். இன்னொன்று சட்டத்துக்கு அடியில், மேலே பார்த்தபடி இருக்கும். கையை விட்டேன். மணிக்கட்டு மாட்டிக்கொண்டது. பதினோரு வருடத்துக் கை வேறு, இந்தக் கை வேறு. இரண்டு வளையலையும் கழற்றி வைத்துவிட்டு, சமையல் எண்ணெயைத் தடவி மறுபடியும் விட்டேன். தோல் உரிந்தது. ஸ்பானரை அரைத் திருப்பு திருப்பி, எடுத்து, மறுபடியும் வைத்து அரைத் திருப்பு. அந்த ஒரு போல்டுக்கே அரை மணி நேரம் ஆனது.

போல்டுத் தலைகளில் புதிய கீறல் இருந்தது. யாரோ சமீபத்தில் திறந்திருக்கிறார்கள். “வாடா என் ராசா” என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். மாட்டிக்கொண்டான் என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது, வெட்கக்கேடு. டைமிங் செயின் போட்டிருக்கிற பல்சக்கரத்தை எடுத்து, நான்கு நட்டையும் தளர்த்தி, தலையைத் தட்டித் தூக்கினேன்.

பிஸ்டன் பளிச்சென்று இருந்தது. புதுசு. என் வீட்டுக்காரருடைய பழைய அளவுகோலை எடுத்து பிளாக்கின் வாயை அளந்தேன். ஐம்பது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்ப அளந்தேன். ஐம்பதேதான்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் பிள்ளை பொய் சொல்லவில்லை. முனியாண்டி, மாரியாத்தா, ஒரு சாமி விடாமல் கும்பிட்டேன். உடனே அடுத்த பயம் வந்தது. மணி ஒன்று. இவன் எழுந்து வந்து இந்தக் கோலத்தைப் பார்த்தால் நான் என்ன சொல்வேன்? பெற்ற தாயே நம்பவில்லை என்று தெரிந்தால்?

அவசரம் அவசரமாகப் பூட்டினேன். புது கேஸ்கெட்டோடு தலையை வைத்து முடுக்கி, செயினை ஏற்றி, பல்சக்கரத்தைப் பொருத்தினேன். அதற்கு இரண்டு சின்னப் போல்டு. ஒன்று ஏறிவிட்டது. இரண்டாவது என் எண்ணெய் விரலிலிருந்து நழுவியது.

‘டிங்’ என்று ஒரு சத்தம். செயின் இறங்குகிற பொந்து வழியாக உருண்டு இஞ்சின் வயிற்றுக்குள் போய்விட்டது. அந்தப் பொந்தில் துணியை அடைத்துவிட்டுத்தான் வேலை செய்ய வேண்டும். பதினோரு வருடம் நானே என் கையால் அடைத்த துணி. இன்றைக்கு மறந்தேன். அது போதாதென்று முன்சக்கரத்தை வேறு தூக்கி வைத்திருந்தேன், நன்றாக உருண்டு போகட்டும் என்று.

பழைய ஸ்பீக்கர் காந்தத்திலிருந்து ஒரு துண்டைக் கம்பியில் கட்டி விட்டேன். அது செயினைப் பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்றது. மோட்டாரை முன்னால் சாய்த்தேன், பக்கவாட்டில் ஆட்டினேன். ஒன்றும் வரவில்லை. இடப்பக்கத்து மேக்னட் சக்கரத்தைக் கழற்றினால்தான் அங்கே கை போகும். அதை இழுத்துக் கழற்றுகிற புல்லர் வேண்டும். அது வீட்டில் இல்லை.

பட்டறைக் காலத்துப் பழைய போல்டு டின்னில் அதே அளவு நிறைய கிடந்தது.

இதைச் சொல்லாமல் விட்டால் கதையே சொல்ல வேண்டாம். நான் அந்த டின்னிலிருந்து வேறொரு போல்டை எடுத்துப் போட்டு முடுக்கினேன். எல்லாம் சரியாக இருந்தது, உள்ளே ஒன்று அதிகம் என்பதைத் தவிர. அடியில் எண்ணெயோடு கிடக்கும், ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பூட்டி முடித்ததும் இஞ்சினைக் கையால் ஒரு சுற்றாவது சுற்றிப் பார்க்க வேண்டும். நான் சுற்றவில்லை. சுற்றினால் எங்கே தட்டுமோ என்று பயம். முன்மூடியையும் மாட்டி, தரையைத் துடைத்து, வளையலையும் போட்டுக்கொண்டேன்.

மூன்று மணிக்கு எழுந்தான். அன்று ஓவர்டைம், நாலு மணிக்கே வேலைக்குக் கிளம்ப வேண்டும். குளித்தான். சோறு போட்டேன்.

“கையில என்னம்மா, தோலு உரிஞ்சிருக்கு?”

“தேங்கா உடைச்சேன்.”

“மணிக்கட்டாலயா?”

நான் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன். என்னைச் சந்தேகத்தோடு பார்த்தான். இந்த வீட்டில் இதுவரைக்கும் அப்படிப் பார்த்தது நான் மட்டும்தான்.

“இன்னைக்கு பஸ்ல போயேன்டா. மழ வர மாதிரி இருக்கு.”

“வெயில் கொளுத்துது. என்னம்மா ஆச்சு ஒனக்கு?”

சாவியை எடுத்துக்கொண்டு போனான். தலைக்கவசத்தை மாட்டினான். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவன் காலைத் தூக்கி உதைக்கிற கம்பியில் வைத்தான்.

“ஸ்டார்ட் பண்ணாதடா!” என்று கத்தினேன். காளியம்மா அக்கா வீட்டு நாய் குரைத்தது. ஓடிப்போய்ச் சாவியைப் பிடுங்கினேன்.

ஒவ்வொன்றாகச் சொன்னேன். சந்தேகப்பட்டதை, திறந்ததை, அளந்ததை, போல்டு விழுந்ததை. தலைக்கவசத்தைக் கழற்றாமலே கேட்டான். அப்புறம் கழற்றி இருக்கையில் வைத்தான்.

“ஒரு மாசம் முன்னாடி தொறந்திருந்தா ஐம்பத்தேழு இருந்திருக்கும்” என்றான்.

பிடுங்கின சாவியை நான் இறுக்கிப் பிடித்தேன்.

“நான் ஓட்டுனேன்மா. யுகேன் விழுந்தப்ப நான் அவன் பின்னாலதான் வந்தேன். எல்லாத்தையும் பாத்தேன். மறுவாரமே தனேஷ்கிட்ட குடுத்து கம்பெனி பிளாக்கையும் புகைக்குழாயையும் திரும்பப் போட்டு, பிஸ்டனையும் புதுசா மாத்திட்டேன். முனியாண்டி முன்னால சூடம் அடிச்சு சத்தியம் பண்ணேன், இனிமே தொடமாட்டேன்னு. பழம் அதுக்குக் கட்டுனதுலா. ஒங்கிட்ட சொன்னா, ஓட்டுனது தெரிஞ்சிருமேன்னுதான்...” கண்ணைத் துடைத்துக்கொண்டான். “நானே திருந்திட்டேன்மா. நீ ஏன்மா தொறந்த?”

பழத்துக்கு ஒரே அர்த்தம்தான் எனக்குத் தோன்றியிருந்தது. சூடம் அடித்துச் சத்தியம் செய்கிற பழக்கம் எனக்குத் தெரியாததா? என் மாமனார் குடியை விட்டது அதே கோயிலில்தான். என் புத்தி அந்தப் பக்கம் போகவே இல்லை. அவனைத் திட்ட வேண்டிய இடம் அது. என்னால் முடியவில்லை. என்னிடம் இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது.

“வேற போல்டு போட்டு மூடிட்டேன்டா. ஒனக்குத் தெரியக்கூடாதுன்னு. நீ கால வைக்கிற வரைக்கும் வாயத் தொறக்கல நானு.”

அதுவரைக்கும் அழுகிற முகமாக இருந்தவன் அப்படியே நின்றான். கோபப்படுவான் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். போனை எடுத்து வேலைக்கு லீவு சொன்னான். பிறகு தனேஷைக் கூப்பிட்டான்.

தனேஷ் சுங்கை சிப்புட்டில் சின்னதாகப் பட்டறை வைத்திருப்பவன். அரை மணி நேரத்தில் புல்லரோடு வந்தான். மேக்னட் சக்கரம் ‘டக்’கென்று விடுபட்டது. டார்ச் அடித்துப் பார்த்தான்.

“அலாமாக்! மச்சான், இங்க பாரு.”

போல்டு எண்ணெயில் கிடக்கவில்லை. கீழ்ப் பல்சக்கரத்துக்கும் இஞ்சின் சுவருக்கும் நடுவில், செயினுக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தது.

“ஒதச்சதும் தெரிஞ்சிருக்காதுக்கா. கொஞ்ச தூரம் ஓடியிருக்கும். பெரிய ரோட்டுல வேகம் எடுக்கறப்ப செயின் அறுந்து இஞ்சின் லாக் ஆகி சக்கரம் நின்னுருக்கும். பின்னால லோரி வந்தா...” தனேஷ் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

பவித்ரன் விரலைவிட்டு அதை எடுத்தான். அவனுக்கும் என் கைதான், சின்னக் கை. துடைத்து என் முன்னால் நீட்டினான். வாங்கிக்கொண்டேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, ஊரே கேட்கிற அழுகை. தனேஷ் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனான். பவித்ரன் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். தோளைத் தொடவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை.

மறுநாள் காலையில் செயினைத் திரும்ப ஏற்றி, இரண்டு பேருமாகப் பூட்டினோம். பொந்தில் துணியை நான்தான் அடைத்தேன், எடுத்ததையும் அவனிடம் விரித்துக் காட்டினேன். கையால் மூன்று சுற்று சுற்றினோம். எங்கும் தட்டவில்லை. உதைத்ததும் பிடித்துக்கொண்டது. பெரிய ரோடு வரைக்கும் ஓட்டிப் பார்க்க அவன் ஏறி உட்கார்ந்தான். நான் என்னுடைய தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு வந்தேன்.

“நீ எங்க வார?”

“நானும் பின்னால ஒக்காரேன்.”

“நீ ஒக்காந்தா மோட்டார் இழுக்காதும்மா” என்றான். நேற்றிலிருந்து அவன் என்னைக் கேலி செய்த முதல் பேச்சு அதுதான்.

“இழுக்கற வரைக்கும் இழுக்கட்டும். பூட்டுனது நானு. என்ன வந்தாலும் நானும் கூட இருக்கணும்.”

அவன் முன்னால் நகர்ந்து இடம் விட்டான். செம்பனைத் தோட்டத்து ஓரமாகப் போனோம். ஒவ்வொரு சத்தத்தையும் நான் சந்தேகத்தோடு கேட்டேன். அது செயினா, அது வால்வா, அந்த நட்டை முழுதாக முடுக்கினேனா? பெரிய ரோட்டில் ஏறியதும் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினான். பின்னால் ஒரு லோரி வந்தது.

“பயமா இருக்காம்மா?”

“இருக்குடா.”

“எம் மேலயா?”

“இல்லடா. எம் மேலதான்.”

ஓரமாக ஒதுங்கி வேகத்தைக் குறைத்தான். பிறகு இடது கையைப் பின்னால் விட்டு, தோல் உரிந்த என் கையை இழுத்துத் தன் வயிற்றோடு வைத்துக்கொண்டான்.