இறந்த ஆண்டு

1993ஆம் வருடம் ராஜபாளையத்துக் கல்லூரி ஒன்றில் நூலக அறிவியல் ஆசிரியர்களுக்குக் கணினிப் பயிற்சி நடந்தது. அதை முடித்தால்தான் பதவி உயர்வு. இருபது வருடமாகப் பிள்ளைகளை மிரட்டிப் பாடம் நடத்தியவர்கள் எல்லாம் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் போய், கீபோர்டைத் தேளைத் தொடுவதுபோல் தொட்டார்கள். பார்க்க வேடிக்கைதான். நூர்னிசாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

கல்லூரி நூலகத்துப் புத்தகங்களின் விவரங்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். அவள் பங்குக்கு வந்த அடுக்கில் மூலிகைப் புத்தகம் ஒன்று இருந்தது. எழுதியவர் பக்கீர் முகமது, அவளுடைய கணவர். தாவரவியல் ஆசிரியரான அவர் பதினோரு வருடத்துக்கு முன்பு செடி தேடி வத்திராயிருப்பிலிருந்து மலையேறினார். இறங்கவே இல்லை. உடலும் கிடைக்கவில்லை. மௌத்தாகிவிட்டார் என்று ஊரே சொன்னது. கைம்பெண்ணாக நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இத்தா இருக்க அவள் மறுத்துவிட்டாள். எப்படி இருப்பாள்? அடுப்படியில் நின்றால் கூடத்தில் அவர் செருமுவது கேட்கிறது. கதவைத் திறந்தால் கசக்கிய இலை வாசம். அவளுக்குப் பயம்தான். ஆனால் அது நின்றுபோய்விடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிது.

நூலாசிரியர் பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு இரண்டையும் போட வேண்டும். உயிரோடு இருப்பவர் என்றால் இரண்டாவது இடம் காலி. அவள் காலியாக விட்டாள். பயிற்சியாளர் கருத்தையா வத்திராயிருப்புக்காரர், பார்த்ததும் பிடித்துவிட்டார்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். அவிய இல்லைங்கது எங்க ஊருக்கே தெரியும். தப்பான பதிவுக்கு நான் எப்படிப் பாஸ் போட? செத்த நேரத்துல டீ குடிச்சிட்டு வாரேன், அதுக்குள்ள வருசத்தப் போட்டுருங்க."

மற்றவர்களும் அவர் பின்னால் போய்விட்டார்கள். அறையில் நூர்னிசாவும், பக்கத்து நாற்காலியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பத்மாசனியும் மட்டும்.

"நான் அடிச்சிரட்டுமாக்கா?"

"வேண்டாம் பத்மா. நானே போடுதேன்."

1982 என்று அடித்தாள். திரை ஆங்கிலத்தில் கேட்டது: நிச்சயம்தானா?

ஒத்துக்கொள், இத்தா இரு என்று விரட்டியவர்கள் எத்தனை பேர்! நிச்சயம்தானா என்று அவளை ஒருத்தராவது கேட்டிருப்பாரா? கேட்ட பிறகுதான், தனக்கு அது வெகுநாளாகத் தெரியும் என்பது புரிந்தது. ஆம் என்று அழுத்தினாள்.

சாவுச் செய்தி கேட்டால் சொல்கிற அரபு வார்த்தைகள் தாமாக வாயில் வந்தன. பாதியில் அழுகை முட்டிக்கொண்டது. மேலே சொல்ல முடியவில்லை.

மீதியை ஓர் ஆண்குரல் நிதானமாகச் சொல்லி முடித்தது.

பத்மாசனி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இங்க யாரு பேசினா?"